வளையல் போட்டு அனுப்பிய வீடு

விஸ்வநத்தம் ரோட்டில் நாங்கள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. என் தலையில் ஒரு சாக்கு, தோளில் ஒரு பை, கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். மனைவியின் இடுப்பில் பிளாஸ்டிக் குடம். தண்ணீர் இல்லை, டம்ளரும் கரண்டியும் போட்டிருந்தோம். இருந்தாலும் அவளைத் தூக்கவிட்டிருக்கக் கூடாதுதான். எனக்கு மூன்றாவது கை இல்லை.

அவள் எட்டு வைக்கும்போதெல்லாம் வளையல்கள் சலசலத்தன. முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், முந்தின நாள் போட்டது. எதிரே வந்த பெண்கள் அவள் வயிற்றையும் கையையும் பார்த்து முகம் மலர்ந்தார்கள். கம்பெனி சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஒரு அம்மா நின்றே விட்டாள்.

"வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்காக்கும்?"

"ஆமாக்கா," என்றாள் என் மனைவி.

"நல்லாப் பெத்து எடுத்துட்டு வா, தாயி."

அவளுக்கு அம்மா வீடு கிடையாது. அன்றைக்கு மதியத்திலிருந்து எங்களுக்கு எந்த வீடுமே கிடையாது.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்கினேன். கொல்லத்தில் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். கோவில்பட்டியில் கொஞ்ச நாள், தூத்துக்குடியில் கொஞ்ச நாள். எந்த ஊரிலும் இரண்டாவது தீபாவளி கொண்டாடியதில்லை. ஒரு ஊர் பழகிவிட்டால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து சிவகாசிக்கு லோடு ஏற்ற வந்தேன். பட்டாசு அட்டைப்பெட்டிகளை லாரியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டுகிற வேலை. சீசன் முடிந்ததும் கிளம்பிவிடுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த இவளைப் பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் வேறு வேறு சாதி. கோயிலில் வைத்துத் தாலி கட்டினேன். அதோடு இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அப்போது எங்களுக்கு வீடு கொடுத்தவர்கள்தான் அவர்கள். வீட்டுக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். முன்னால் அவர்கள் வீடு, பின்னால் எங்களுக்கு ஒரு அறையும் அடுப்படியும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தலைவாசல். அந்த அம்மாவை என் மனைவி முதல் நாளே சித்தி என்று கூப்பிட்டாள். அதனால் எனக்கு அவர் அத்தையானார். வீட்டுக்காரரை மட்டும் நான் அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். முறை இடித்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் இரண்டு தீபாவளி முடிந்தது. கால் அரிக்கவில்லை.

என் மனைவி உண்டான விஷயத்தைக் கண்டுபிடித்ததே சித்திதான். கருவாடு வறுத்த வாடைக்கு இவள் முந்தானையால் மூக்கைப் பொத்தியதைப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, தலைக்குக் குளிச்சு எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டார். அன்றைக்கே சர்க்கரை கொண்டுவந்து இவள் வாயில் போட்டார்.

ஐந்தாவது மாதம், வேலை முடிந்து வந்தவனை அண்ணாச்சி வாசலில் உட்கார வைத்தார். அவருடைய மகளைத் திருச்சுழிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை உண்டாகி இரண்டும் நிற்கவில்லை. இப்போது மூன்றாவது.

"மக பேறுகாலத்துக்கு இங்கன வாரா, தம்பி. மாசக்காரி ரெண்டு பேரு ஒரே தலைவாசல்ல புழங்கப்படாது. யாராவது ஒருத்திக்கு ஆகாது. நீ வேற வீடு பாத்துக்க."

முகத்துக்கு நேராகத்தான் சொன்னார். அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் அடுத்த நாளிலிருந்து வீடு தேடினேன். இவளையும் கூட்டிக்கொண்டு போனதுதான் வம்பாகப் போயிற்று.

"எத்தன பேரு?" என்று கேட்டார் ஒரு வீட்டுக்காரர்.

"ரெண்டு பேருதான்."

அவர் இவள் வயிற்றைப் பார்த்தார். "எனக்கு ரெண்டே முக்கால் தெரியுதே."

திரும்பும்போது இவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாலைந்து வீடு பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வீட்டில் தண்ணீர் காணாது என்றார்கள், பிள்ளைத் துணி அலசி முடியாதாம். இன்னொரு வீட்டில் ஒரு பெரியம்மா நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் எழுந்தே விட்டார். "மாசமா இருக்கையில வீடு மாத்தப்படாதுன்னு தெரியாதா ஒங்களுக்கு? நீங்க மாறி, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் எங்க வீட்டுலல்ல வந்து ஒக்காரும். பெத்துட்டு வாங்க, பாப்போம்." ஒரு சாங்கியம் எங்களை வெளியே போகச் சொன்னது, இன்னொன்று எங்கேயும் நுழையவிடவில்லை.

லாரி செட்டில் ஒருவர் கோர்ட்டுப் பக்கம் உட்காரும் வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். மனு டைப் அடித்துக் கொடுப்பவர். வெற்றிலை போட்ட வாயை அண்ணாந்து வைத்துக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"வாடகை பாக்கி உண்டா?"

"இல்ல."

"வீட்ட இடிச்சு கிடிச்சு வச்சுட்டியா?"

"இல்ல."

"அப்ப அவரு பாட்டுக்கு ஒன்ன வெளிய தள்ள முடியாது. அவரு சொந்த வீடாவே இருக்கட்டும், கோர்ட்டுல போட்டு உத்தரவு வாங்கித்தான் காலி பண்ணச் சொல்லணும். அதுக்குள்ள ஒம்புள்ள பள்ளிக்கூடத்துக்கே போயிரும்." துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. நீ உள்ள இருக்க வரைக்குந்தான் இது. உள்ள இருக்கவனுக்குச் சட்டம் பக்கத்துல ஒக்காந்திருக்கும். வெளிய வந்துட்டேன்னு வையி, நீதான் அத நடந்து போய்க் கூட்டிட்டு வரணும். அது மெதுவாத்தான் நடக்கும். வீட்டக் காலியா மட்டும் போடாத."

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கோர்ட்டில் உத்தரவு வாங்கிக் கொடுங்கள், அன்றைக்கே போய்விடுகிறேன், இல்லையென்றால் பிள்ளை பிறந்து இவள் எழுந்து நடக்கிறவரை இருப்போம் என்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"சட்டம் படிச்சுட்டு வந்துட்டியாலே," என்று மட்டும் சொன்னார். அதுவரை என்னை லே போட்டுப் பேசியதில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வீட்டைக் காவல் காத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். வயிறு தெரிந்ததும் தீப்பெட்டிக் கம்பெனியில் இவளை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு இவள் போகிற அன்றைக்கு நான் லோடுக்குப் போகாமல் வீட்டில் இருப்பேன். கடைக்குப் போனால்கூட ஒருவர் மாற்றி ஒருவர்தான். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போய் நாளாகிவிட்டது.

சித்தி கொஞ்ச நாள் எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் சாயங்காலம் கிண்ணத்தில் மாங்காய்ப் பச்சடியோடு வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒட்டிய பெட்டிகளை எடுத்து அடுக்கிக் கொடுத்தார்.

"அவரு கெடக்காரு. நாஞ் சொல்லிட்டேன். மக அங்கனயே அவ மாமியா வீட்டுல பெத்துக்கிடட்டும். அங்கதான் பெரிய ஆஸ்பத்திரி பக்கம். நீ மனசுல எதையும் வச்சுக்கிடாத. பிள்ளைக்கு ஏறும்."

இவள் அழுதாள். அவரும் அழுதார். நான் வாசலில் நின்று பீடி பற்றவைத்தேன். அந்த அழுகை பொய் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அதுதான் இதில் கஷ்டமான இடம்.

ஏழாம் மாதம் பிறந்ததும் சித்தி வளைகாப்புப் பேச்சை எடுத்தார்.

"எனக்கு யாரு இருக்கா சித்தி, வளையல் போட?" என்றாள் இவள்.

"வாய் நெறைய சித்தி சித்திங்குற. சித்தின்னா தாயில்லையா? நா போடுறேன் ஒனக்கு."

இவள் அதற்குப் பிறகு இரண்டு நாள் வேறு பேச்சே பேசவில்லை. கல்யாணத்தில் இவள் பக்கத்தில் நிற்க ஒரு பெண் இருந்ததில்லை. பூக்காரியைத்தான் நிற்க வைத்தோம். இப்போது ஒரு தெருவே வரப்போகிறது. எந்தச் சேலை, எந்த நிற வளையல் என்று கேட்டு என்னைத் தொளைத்தாள்.

உண்மையிலேயே தெருவே வந்தது. சித்தி இரண்டு நாள் உட்காராமல் வேலை பார்த்தார். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அண்டா அண்டாவாக ஆக்கினார். வேப்பங்குச்சியை வளைத்து முதல் வளையலாக அவரே போட்டார். கன்னத்தில் சந்தனம் தடவினார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் அடுக்க, இவள் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கிழவி வயிற்றைத் தடவிப் பார்த்து, "ஆம்பளப் புள்ளதான். அப்பன மாதிரி ஊரு சுத்தாம இருந்தாச் சரி," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி தயிர்ச்சோற்று வாளியோடு வந்து எனக்குப் பரிமாறினார். "நல்லாச் சாப்பிடுங்க, மாப்ள," என்றார். முதல் தடவையாக மாப்ள.

சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு, சித்தி அதைச் சொன்னார். எல்லோர் முன்னாலும், ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். வளையல் போட்ட பிள்ளை அன்றைக்கு ராத்திரி புருஷன் வீட்டில் தங்கக் கூடாது. தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்தப் பக்கங்களில் எல்லோரும் செய்கிறதுதான். எனக்கும் தெரியும். ஆனால் சித்தியையே தாயாக வைத்ததால் அதை மறந்திருந்தோம்.

"எந்தங்கச்சி மல்லாங்கிணறுல இருக்கா. அது ஒனக்குத் தாய் வீடுன்னு வச்சுக்க. ஒரு ராத்திரி இருந்துட்டு நாளைக்கு வந்துருங்க."

"நீங்க கூட்டிட்டுப் போங்கத்த. நா வீட்டுல இருக்கேன்," என்றேன்.

"இம்புட்டுச் சாமானும் கழுவணும். நா எங்க போக? வெருதுநகருல பஸ் மாறி ஏறணும், மாசக்காரிய யாரு புடிச்சு ஏத்தி விடுவா? அவ புருசன் நீங்கதான் போகணும். ஒரு ராத்திரியில வீட்ட யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போகமாட்டேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? போட்ட சந்தனம் காயாமல் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முன்னால், வக்கீல் குமாஸ்தா சொன்னதைச் சொல்லவா முடியும்? பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

வாசல்படி இறங்கும்போது இவள் "வாரேன் சித்தி" என்று சொல்லப் போனாள். சித்தி இவள் வாயில் கையை வைத்தார். "சொல்லிட்டுப் போகப்படாது, தாயி. திரும்பிப் பாக்கவும் படாது. அப்படியே போ." அதுவும் சாங்கியம்தான். இவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருக்கோடி வரை பெண்கள் குலவை விட்டார்கள்.

மல்லாங்கிணறுத் தங்கச்சி நல்ல மாதிரி. மெத்தை விரித்துக் கொடுத்தார், வெந்நீர் வைத்துக் கொடுத்தார். காலையில் இட்லி வைக்கும்போது, "எத்தன மாசத்துக்குத் துணிமணி எடுத்துட்டு வந்திருக்கீக? பையி சின்னதா இருக்கே," என்று கேட்டார்.

"இன்னைக்கே கெளம்புறோம்மா," என்றேன்.

அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது. "இன்னைக்கேவா? அக்கா அப்படிச் சொல்லலையே." பிறகு சட்னியைப் பற்றி ஏதோ பேசினார். பஸ்ஸில் நான் அந்தக் கரண்டியையே நினைத்துக்கொண்டு வந்தேன். இவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

தெருவில் நுழையும்போதே சுண்ணாம்பு வாடை அடித்தது. எங்கள் அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கதவில் வேறு பூட்டு. எங்கள் சாமான்கள் முருங்கை மரத்தடியில் சாக்கில் கட்டி ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு டம்ளர்கூடக் குறையவில்லை. கட்டியது சித்தியின் கை என்று முடிச்சைப் பார்த்ததும் இவளுக்குத் தெரிந்துவிட்டது.

முன்வீட்டு நடையில் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவளைப் போலவே வயிறு, இவளைப் போலவே கை நிறைய வளையல். அவர்கள் மகள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் சட்டென்று முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, "அம்மா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். என் மனைவியைப் பார்த்து ஒருத்தி பயந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணாச்சி வெளியே வந்தார். அட்வான்ஸ் பணத்தைக் கவரில் போட்டு வைத்திருந்தார். "குறையில்லாம இருக்கு. பாத்துக்க," என்று நீட்டினார். நான் வாங்கவில்லை. சாக்கின் மேல் வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சித்தி வந்தார். தலைவாசலைத் தாண்டவில்லை.

"நா ஒன்ன வெளிய போன்னு சொன்னேனா, தாயி? மாசக்காரிய வெளிய போகச் சொன்னா என் வம்சம் வெளங்குமா? வளையல் போட்டு, வயிறாரச் சோறு போட்டு, ஊரு வாழ்த்தத்தான அனுப்புனேன். தங்கச்சி வீட்டுல பேறுகாலம் வரைக்கும் இரு. அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டா."

அவர் முகத்தில் ஒளிப்பு மறைப்பு எதுவும் இல்லை. கர்ப்பிணியைத் துரத்துகிற பாவத்தைத் தான் செய்யவில்லை என்று அவர் உறுதியாக நம்பினார். இரண்டு நாள் உட்காராமல் ஆக்கிப் போட்டது அந்த நம்பிக்கைக்காகத்தான்.

இவளைப் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு, ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு குமாஸ்தாவிடம் போனேன். அவர் நான் சொல்லச் சொல்லச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு, சிரித்ததற்கு வெட்கப்பட்டவர் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருசமா இந்தக் கோர்ட்டு வாசல்ல ஒக்காந்திருக்கேன். வளைகாப்புப் போட்டுக் காலி பண்ணத இப்பத்தான் கேக்கேன்."

"என்ன செய்யட்டும்?"

"நேரா ஸ்டேஷனுக்குப் போ. அவளயும் கூட்டிட்டுப் போ, வயித்தோட ஒக்காரட்டும். பூட்டத் தெறந்து விடச் சொல்லு. சூட்டோட சூடா உள்ள போயிட்டா போயிட்டதுதான். மனுவ நா அடிச்சுத் தாரேன். ரெண்டு நாளு விட்டேன்னா, நீயாத்தான் காலி பண்ணிட்டுப் போனங்கும்பாக. தெருவே சாட்சி சொல்லும்."

"தெருவுக்குத் தெரியுமே, நாங்க ஒரு ராத்திரிக்குத்தான் போனோம்னு."

"தெரு சோறு சாப்பிட்டுச்சா இல்லையா?"

நான் சைக்கிளை எடுத்தேன்.

திரும்பி வந்தபோது இவளைச் சுற்றி நேற்று வளையல் போட்ட பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தண்ணீர் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வளையலோடு படி இறங்கிய பிள்ளை பெற்றெடுக்காமல் அந்தப் படி ஏறக் கூடாது. எங்களுக்கு ஆகாதவர்கள் இல்லை அவர்கள். இவள் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார்கள்.

"எந்திரி. ஸ்டேஷனுக்குப் போகணும். வீட்டத் தெறந்து விட்டுருவாக," என்றேன்.

"நா வரல."

"சட்டப்படி அது நம்ம வீடு. அங்க இருக்க நமக்கு உரிமை இருக்கு."

"இருக்கட்டும். நா அந்தப் படி ஏற மாட்டேன். வளையலோட எறங்கிட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஒங்க குமாஸ்தாவா வந்து தூக்கிக் குடுப்பாரு?"

"ஒன்ன ஏமாத்தித்தான எறக்குனாக. அதுக்கு எதுக்குச் சாங்கியம் பாக்க?"

இவள் முன்வீட்டைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. அழவில்லை. பெட்டி ஒட்டும்போது எண்ணிக்கை சொல்கிற குரலில் சொன்னாள்.

"நா ஏற மாட்டேன்னு சித்திக்குத் தெரியும். எனக்குள்ள என்ன இருக்குன்னு அவுகளுக்குத் தெரியும். அதுக்குத்தான் வளையல். பூட்டு ஒங்களுக்கு. வளையல் எனக்கு."

பணக் கவரை எடுத்துப் பையில் போட்டேன். அதை எடுத்ததோடு சட்டமும் முடிந்தது என்று எனக்குத் தெரியும். தலைக்கு மேலே ஒரு கூரை இல்லாமல் இரண்டு மாதத்தைத் தாண்ட முடியாது, கூரைக்குக் காசு வேண்டும். கட்டிலையும் பெரிய அண்டாவையும் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு, தூக்க முடிந்ததைத் தூக்கினோம்.

மல்லாங்கிணறுக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். இவள் நின்று என்னைப் பார்த்துவிட்டு நடந்தாள். வளையலைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேறுகாலத்துக்கு முன்னால் கழற்றக் கூடாது. சித்தி போட்டதைப் போட்டுக்கொண்டேதான் இவள் அந்த இரண்டு மாதமும் இருந்தாக வேண்டும். தூங்கும்போது புரண்டால்கூட அந்தச் சத்தம் வரும்.

நான் எத்தனையோ ஊரை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். எல்லாம் நானாகக் கிளம்பியது. முதலாளி திட்டியும் போயிருக்கிறேன், அடித்தும் போயிருக்கிறேன். அவற்றில் எதுவும் மறுநாள் வரை மனதில் நின்றதில்லை. சோறு போட்டு, சந்தனம் பூசி, குலவை விட்டு அனுப்பியதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரைத் திட்டுவது? திட்டினால் எந்தச் சொல்லைச் சொல்லித் திட்டுவது? ஆமத்தூர் தாண்டும் வரை பஸ்ஸில் அதைத்தான் யோசித்தேன். இவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

விருதுநகரில் இறங்கி நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அது இவளுடைய யோசனை. மாசக்காரி ஒருத்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள், பிரசவ வார்டுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றாள். அப்படியே ஆயிற்று. ரவுண்டு வந்த நர்சம்மா ஒருவர் இவள் கையைப் பார்த்துவிட்டு, "வலி வந்துருச்சாம்மா?" என்று கேட்டார். "இன்னும் வரல சிஸ்டர்," என்றாள். "சுவத்துப் பக்கமாத் தள்ளிப் படு, ஸ்ட்ரெச்சர் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். இவள் சுவரோடு ஒண்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

காலையில் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் விசாரித்தேன். எங்கே வேலை இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, எந்த வேலையில் தங்க இடம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். சூலக்கரை போகிற வழியில் ஒரு பருப்பு மில்லில் வாட்ச்மேன் சொல்லாமல் போய்விட்டான் என்றார்கள். இவளையும் கூட்டிக்கொண்டே போனேன். இந்தத் தடவை எதையும் மறைக்கிற எண்ணம் இல்லை.

மில் முதலாளி துவரையைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"வாட்ச்மேனுக்குத்தான் கேட்டேன். குடும்பத்துக்கு இல்ல."

"அண்ணாச்சி, இவளுக்கு ஏழு மாசம். பிள்ள இங்கனதான் இருக்கும். அழும். கொடியில துணி காயும். சம்மதம்னா வேலைக்கு நிக்கேன். இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க."

அவர் கையில் இருந்த துவரையைச் சாக்கில் கொட்டினார்.

"இதுக்கு முன்ன இருந்தவனும் ஒரு மாசம் தாங்கல. நீ எம்புட்டு நாளு இருப்ப?"

"இவ பெத்து எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் நீங்க போகச் சொன்னாலும் போக மாட்டேன். அதுக்கப்புறம் எனக்கே தெரியாது."

சிரிப்பு வந்ததை அவர் அடக்கிக்கொண்டார். "இங்க பாரு, ரூமு வாடகைக்கு இல்ல. வாடகையும் நா வாங்கப் போறதில்ல. வேலையில இருக்க வரைக்கும் ரூமு. வேல போச்சுன்னா அன்னைக்கே சாவியக் குடுத்துரணும். அங்க போறேன் இங்க போறேன்னு நிக்கப்படாது. சரியா?"

அதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தது. கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது. முந்தின வீட்டில் சட்டம் முழுக்க என் பக்கம் இருந்தது.

"சரி," என்றேன்.

அறை கேட்டை ஒட்டி இருந்தது. ஒரு ஜன்னல், கம்பி இல்லை. மூலையில் கிழிந்த சாக்குகள், அதற்குள் எலி. இவள் குடத்தை வைத்துவிட்டு, விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். முதலாளி ஒரு டார்ச் லைட்டும் விசிலும் கம்பும் கொண்டுவந்து கொடுத்தார். பகல் முழுக்க கேட்டில் உட்கார வேண்டும், ராத்திரி மில்லைச் சுற்றி வர வேண்டும், கேட்டை விட்டு எங்கேயும் நகரக் கூடாது என்றார். விசிலை ஊதிப் பார்க்கச் சொன்னார். ஊதினேன். அதற்குள் வெளியே பாசிப்பயறு லோடு ஒன்று வந்து ஹார்ன் அடித்தது. ஸ்டூலை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் போய்க் கேட்டைத் திறந்தேன்.